சுளகில் கொட்டிய நெத்தலி: மலையகத்துக் கருவாடும் கடலின் கணக்கும்

சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கடைத்தெருவில் கருவாட்டுக் கடையொன்றின் முன்னால் அரைமணி நேரம் நின்றால், கட்டாக் கருவாட்டின் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் நெத்தலிச் சாக்கின் பக்கம் நகருகிறவர்களையே அதிகமாகக் காணலாம். கடைக்காரர் கையால் அள்ளித் தட்டில் போட்டு, நூறு கிராம், இருநூற்றைம்பது கிராம் என்று நிறுத்துத் தருகிறார். அந்த நூறு கிராம் வீட்டுக்கு வந்ததும் சுளகில் கொட்டப்பட்டு, தலையும் குடலும் கிள்ளப்பட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்துப் பொரிக்கப்பட்டால், ரொட்டிக்கும் சோற்றுக்கும் இரண்டு வேளை ஈடுகொடுக்கும். கடலை ஆண்டுக்கொரு முறைகூடப் பார்க்காதவர்களின் அன்றாட உணவில், கரையோரத்தில் கூட்டங்கூட்டமாகத் திரியும் விரலளவு மீனொன்று இவ்வளவு உறுதியாக இடம்பிடித்தது எவ்வாறு, அதன் விலை யாருடைய கையில் இருக்கிறது, அந்த மீன் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பவை மலையகத்தில் அதிகம் பேசப்படாத விடயங்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அந்தச் சம்பளம் எதை வாங்குகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

கருவாடு மலையேறியதற்கு முதற்காரணம் அதற்கு ஐஸ் தேவையில்லை என்பதே. 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டதிலிருந்து, 1867இல் லூல்கந்தரையில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை மலைநாடெங்கும் பரவியது வரை, தோட்டத் தொழிலாளரின் உலையில் வெந்த அரிசியும் அதற்குத் துணையான பருப்பும் கருவாடும் வெளியிலிருந்தே வந்தன. 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய ரயில், தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த சரக்குகளில் கருவாடும் ஒன்று. இன்று கொழும்பை அடுத்த பெலியகொடை மத்திய மீன் சந்தையிலிருந்து லொறிகள் இரவோடிரவாகப் பச்சை மீனைக் கொண்டுவருகின்றன. 2020 ஒக்டோபரில் அந்தச் சந்தையில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது மலையகத்து நகரங்களின் மீன் வியாபாரிகளையும் தேடிப் பரிசோதிக்க வேண்டிவந்ததிலிருந்தே, அந்த வழி எவ்வளவு நேரானது என்பது விளங்கும். ஆனாலும் குளிர்சாதனப் பெட்டி இல்லாத, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பச்சை மீன் ஒருநாள் விருந்தாளி மட்டுமே. நெத்தலி ஒரு மாதம் தங்கும். மழைக்காலத்தில் மட்டும் அதற்கும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் ஒரு தகரப் பேணியில் போட்டு வைப்பார்கள்.

நெத்தலி என்பது ஒரே மீனின் பெயரன்று. ஸ்டோலிபோரஸ், என்கிராசிகோலினா என்னும் இரண்டு பேரினங்களைச் சேர்ந்த பலவகைச் சிறுமீன்களை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். சிங்களத்தில் அவை ஹால்மெஸ்ஸோ எனப்படுகின்றன. சூடை, சாளை, கீரிமீன் ஆகியவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் வாழ்க்கை முறையால் நெத்தலிக்கு நெருங்கியவை. இவை அனைத்தும் கரையோர நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வளர்ந்து, பெரிய மீன்களுக்கு இரையாகின்றவை. நெத்தலியின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. சில மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ஆகவே ஓராண்டின் பிடி, அந்த ஆண்டு மழையும் நீரோட்டமும் கரையோரத்துக்கு எவ்வளவு ஊட்டத்தைக் கொண்டுவந்தன என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. இந்த இடத்தில் மலைக்கும் ஒரு சிறு பங்குண்டு. ஹட்டன் மேட்டில் விழும் மழையின் ஒரு பாதி மகாவலியோடு சேர்ந்து திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. மறுபாதி காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களின் வழியே களனியாகிக் கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. ஆறுகள் கொண்டுபோகும் ஊட்டம் கழிமுகத்து நுண்ணுயிர்களுக்கு உணவாவது பொதுவாக அறியப்பட்ட உண்மை. களனி கடலைச் சேருமுன் பெலியகொடையை ஒட்டியே ஓடுகிறது என்பதால், தண்ணீர் இறங்குகிற வழியிலேயே மீன் ஏறிவருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இலங்கைக் கரையில் இந்த மீனைப் பிடிக்கும் பழைய முறை கரைவலை. படகொன்று வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துவிட்டு வர, இரு முனைகளின் கயிறுகளையும் கரையில் நிற்கும் இரு வரிசை ஆட்கள் மணிக்கணக்கில் இழுத்து, நடுவிலுள்ள மடியைக் கரைசேர்ப்பார்கள். எந்தக் கணத்தில் வலையை வளைப்பது என்பதைக் கடலின் நிறத்தையும் பறவைகளின் போக்கையும் பார்த்து ஒருவர் முடிவு செய்கிறார். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்குகிற மாதங்களில் கிழக்கும் வடகிழக்கும் அமைதியாக இருப்பதால், நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர்கள் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் பெயர்ந்து வாடி என்னும் தற்காலிகக் குடில்கள் அமைப்பதும், காற்று மாறியதும் திரும்புவதும் நீண்டகால வழக்கம். அதன் பேரிலான உரிமைத் தகராறுகளும் அதேயளவு பழையவை. அண்மைக்காலத்தில் உழவு இயந்திரத்தில் சுழலி பொருத்திக் கயிற்றை இழுப்பது பரவியபோது, ஐம்பது பேரின் வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொள்கிறது என்றும் அடிநிலத்தை வாரிவிடுகிறது என்றும் எதிர்ப்பு எழுந்தது. பிடித்த நெத்தலி மணலிலோ பாயிலோ பரப்பப்பட்டு வெயிலில் காயும். நல்ல வெயிலானால் ஒன்றிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும், மழை வந்தால் சரக்கு முழுவதும் நாறிப்போகும்.

பச்சை நெத்தலியின் எடையில் முக்காற்பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்த கருவாட்டின் எடையில் தண்ணீர் ஐந்திலொரு பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கருவாட்டுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ மீன் வேண்டும். கடையில் ஒரு கிலோ கருவாட்டின் விலையையும் ஒரு கிலோ பச்சை மீனின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கருவாட்டுக்காரரைத் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எனினும் ஹட்டனில் நாம் வாங்கும் நெத்தலி இந்த நாட்டுக் கரையில் காய்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. இலங்கையில் உண்ணப்படும் நெத்தலிக் கருவாட்டில் பெரும்பங்கு இறக்குமதியாகிறது. தாய்லாந்து நெத்தலி, டுபாய் நெத்தலி என்று கடைக்காரர்களே பிரித்துப் பெயர் சொல்கிறார்கள். வெள்ளையாக, வளையாமல், ஒரே அளவில் இருக்கும் தாய்லாந்துச் சரக்கு வேறு விதமாகத் தயாராகிறது. இரவில் கடலின் நடுவே பலமான விளக்குகளை எரித்து மீன்கூட்டத்தை வெளிச்சத்துக்கு இழுத்து, ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த கண்ணுள்ள வலையை மேலிருந்து விழவிட்டோ, சுற்றி வளைத்துச் சுருக்கியோ பிடிக்கிறார்கள். பின்னர் உப்பு நீரில் ஒரு கொதி வேகவைத்து உலர்த்துகிறார்கள். வேகவைத்ததால் அது விரைவில் கெடுவதில்லை, மலையின் ஈரத்தையும் ஓரளவு தாங்குகிறது. கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து நம் ஊருக்கு வரும் சாக்கு ஏன் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்காக இருக்கிறது என்பதற்கு விலை மட்டும் காரணமன்று.

நெத்தலியைப் பற்றிப் பேசும்போது தவறாமல் கேட்கக்கூடிய ஒரு கருத்து உண்டு: சுறாவும் அறுக்குளாவும் குறையலாம், ஆனால் கோடிக்கணக்கில் பெருகும் சிறுமீன் ஒருநாளும் குறையாது. இதில் பாதி உண்மை. விரைவாகப் பெருகும் மீன் அடி வாங்கினாலும் விரைவாக எழுந்துவிடும் என்பது சரி. ஆனால் அது விழும்போது யாருக்கும் தெரியாமல் விழுகிறது என்பதுதான் மறுபாதி, அதற்கான காரணம் கூட்டமாக வாழும் அதன் குணத்திலேயே இருக்கிறது. தனித்தனியே வாழும் மீன் குறைந்தால், வலை போடுகிறவருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அதே நேரம் செலவழித்தும் குறைவாகவே அகப்படும். கூட்டமாக வாழும் மீனோ, தொகை பாதியாகக் குறைந்தாலும் எஞ்சியவை ஒன்றுசேர்ந்து அதே அடர்த்தியான கூட்டமாகவே நிற்கும். கடலில் கூட்டங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும், ஆனால் அகப்பட்ட ஒவ்வொரு கூட்டமும் வலையை நிரப்பும். விளக்கும், மீன்கூட்டத்தைக் காட்டும் ஒலிக்கருவியும் எஞ்சியிருக்கும் கூட்டங்களைத் தேடிப்பிடிக்கும் சிரமத்தையும் போக்கிவிடுவதால், ஒரு நாள் பிடியை மட்டும் பார்க்கிறவருக்குக் கடல் நிறைந்திருப்பதாகவே தோன்றும். கடைசிக் கூட்டம் வரைக்கும் அப்படித்தான் தோன்றும்.

இது வெறும் ஊகமன்று. உலகிலேயே ஒரே இனத்தின் மீது நடக்கும் மிகப்பெரிய மீன்பிடி பெரு நாட்டின் நெத்தலிப் பிடிதான். 1970இல் அங்கே ஒரு கோடியே இருபது இலட்சம் தொன்னுக்கும் மேல் பிடிக்கப்பட்டது. 1972இல் எல் நினோ வந்து கடல் சூடேறியபோது, குளிர்ந்த நீரை நாடிய மீன் முழுவதும் கரையோரத்து ஒடுங்கிய பட்டையில் வந்து குவிந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிடி அமோகமாக இருந்தது; வள்ளங்கள் நிறைந்து வந்தன. அடுத்த ஆண்டு மொத்தப் பிடி ஏறக்குறைய இருபது இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. மீன் மிக எளிதாக அகப்பட்டதே அது அழிந்துகொண்டிருந்ததன் அறிகுறி என்பதை அப்போது வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. நமக்கு அருகில், கேரளத்தின் மத்தி மீனும் இதே பாடத்தைத்தான் படித்தது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2012இல் அங்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் தொன் மத்தி பிடிபட்டது; 2021இல் அது மூவாயிரத்து ஐந்நூறு தொன்னுக்கும் கீழே போயிற்று. கடல்நீரின் மாற்றமும் குஞ்சு மீனை வாரிய வலையும் சேர்ந்து செய்த வேலை அது. எது எவ்வளவு செய்தது என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

இலங்கைக் கடலில் என்ன இருக்கிறது என்பதை, நோர்வேயின் பிரிட்ஜோப் நான்சன் என்ற பெயருடைய ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரையும், அதே பெயரைத் தாங்கிய புதிய கப்பல் மீண்டும் 2018இலும் ஒலியலை மூலம் அளந்தன. இரண்டு அளவீடுகளுக்கும் இடையில் நாற்பதாண்டு. ஓராண்டே வாழும் ஒரு மீனைப் பொறுத்தவரை அது நாற்பது தலைமுறை. இவ்வளவு நீண்ட இடைவெளியில் எடுத்த கணக்கை வைத்து ஆண்டுதோறும் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவெடுக்க முடியாது என்பது என் எண்ணம். பெருவில் இன்று பருவத்துக்கு முன்னால் கடலை அளந்து பிடியளவை நிர்ணயிக்கிறார்கள். குஞ்சுகள் அதிகமாக இருந்ததால் 2023இன் முதற்பருவத்தை வட-மத்திய கடலில் முழுவதுமாகவே இரத்துச் செய்தார்கள். நம்மிடம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் உயிரினவளங்கள் சட்டத்தின் கீழ் வலைக்கும் தொழிலுக்கும் அனுமதி உண்டு, வெடிமருந்துக்குத் தடை உண்டு. கட்டுப்பாடு வலையின் மீதே நிற்கிறது.

இனி விலை. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த நாணயமாற்று, மே மாதத்தில் 360ஐ எட்டியது. தாய்லாந்தில் ஒரு சதம்கூட ஏறாமலே, இறக்குமதி நெத்தலி ரூபாய்க் கணக்கில் முக்காற்பங்குக்கு மேல் ஏறியதற்கு இது ஒன்றே போதும். உள்ளூர் நெத்தலியும் தப்பவில்லை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. லயத்தில் விறகு நனைந்த நாட்களில் அடுப்பு எரித்ததும் அதே மண்ணெண்ணெய்தான் என்பதால், படகிலும் அடுப்பிலுமாக ஒரு குடும்பம் அந்த உயர்வை இருமுறை கட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை நெருங்கியது. ஒரு நாள் வேலைக்கு ஆயிரம் ரூபாய் என்று 2021 மார்ச்சில் வந்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2024 செப்டெம்பரில் 1350 ஆகும்வரை அசையவில்லை.

இதற்கு மேல் ஒரு வரி இருக்கிறது. அதன் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு போன்றவற்றோடு நெத்தலிக் கருவாட்டுக்கும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு விதிக்கப்பட்டு வந்துள்ளது. உள்ளூர் மீனவரைக் காப்பதும் அரசுக்கு வருமானம் சேர்ப்பதுமே இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள். முல்லைத்தீவு வாடியில் வெயிலில் நின்று நெத்தலி காயப்போடும் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் அது நியாயமே, அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்த அறவீடு பெறுமதிக்கு இத்தனை வீதம் என்று வருவதன்று, கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வருவது. தலை நீக்கிய, வெள்ளை வெளேரென்ற முதல்தரச் சரக்குக்கும், உடைந்து தூளான கடைசித்தரச் சரக்குக்கும் ஒரே தொகை. கொழும்பில் முதல்தரத்தை வாங்குகிறவருக்கு விலையில் அது ஒரு சிறு பங்கு. தோட்டத்துக் கடையில் உடைசலை வாங்குகிறவருக்கு அது பெரும்பங்கு. மீனவரைக் காக்க வேறு வழிகளும் உண்டு. வெயில் தட்டுகளும், மழைக்கு மூடக்கூடிய உலர்களமும், வாடியிலிருந்து நேரே மலையகக் கூட்டுறவுக்கு வரும் கொள்வனவும் இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் கூடக் கிடைக்கும், நமக்கும் விலை குறைய முடியும். அத்தகைய பேச்சு வடக்கு–மலையக அரசியல் மேடைகளில் எழுவதை நான் கேட்டதில்லை.

நெத்தலி விலையேறினால் வேறெதையாவது சாப்பிடலாமே என்பது எளிதாகச் சொல்லக்கூடியது. ஆனால் மாற்றாகக் கைநீட்டுகிற பொருட்களில் பலவும் கூட்டமாய்த் திரியும் மீனிடமே திரும்பக் கொண்டுபோய் விடுகின்றன. டின் மீன் பெரும்பாலும் அப்படியான நடுத்தர அளவு மீன்தான். கோழியின் தீவனத்தில் மீன்தூள் சேர்வதுண்டு. சோயாமீட்கூட முழுக்க வேறு கதையன்று: பெருவின் நெத்தலி விழுந்து மீன்தூள் அருகியதும் உலகக் கால்நடைத் தீவனச் சந்தை சோயாவின் மீது பாய்ந்தது, விலை எகிறியது, 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தற்காலிகத் தடை விதித்தது. திலாப்பியா மட்டும் காசல்ரீயிலிருந்தும் கொத்மலையிலிருந்தும் நம் வாசலுக்கே வருகிறது, ஆனால் பச்சையாக வருவதால் பழைய சிக்கல் திரும்புகிறது.

சத்தின் கணக்கிலும் நெத்தலிக்கு ஈடு காண்பது கடினம். எலும்போடு உண்ணப்படுவதால் புரதத்தோடு கல்சியமும் சேர்ந்தே கிடைக்கிறது. 2016இன் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 வீதமாக இருக்க, நுவரெலியா மாவட்டத்தில் 32 வீதமாக இருந்தனர். அந்த வித்தியாசத்துக்கு நெத்தலி மட்டும் பதிலாகாது. தாயின் உடல்நிலை, குடிநீர், காம்பராவின் நெருக்கடி எல்லாம் அதில் உண்டு. ஆயினும் இருநூற்றைம்பது கிராம் நூறு கிராமாகக் குறையும்போது முதலில் குறைவது யாருடைய தட்டில் என்பதை எந்தத் தோட்டத்து மருத்துவமாதும் அறிவார். மறுபுறத்தில், 2012இல் பன்னாட்டு அறிவியலாளர் குழுவொன்று, இரைமீன்களைப் பிடித்து விற்பதில் வரும் பெறுமதியைக் காட்டிலும், அவற்றைக் கடலில் விட்டுப் பெரிய மீன்கள் தின்று வளர்வதில் வரும் பெறுமதி ஏறக்குறைய இரு மடங்கு என்று கணக்கிட்டு, பல கடல்களில் பிடியைப் பாதியாக்கச் சொன்னது. உலகின் இரைமீன் பிடியில் மிகப்பெரும் பகுதி மீன்தூளாகவும் எண்ணெயாகவும் அரைபடுவதைக் கருதும்போது, வெட்டவேண்டிய இடம் மனிதர் நேரே உண்ணும் நூறு கிராமில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

வலையின் கண் எவ்வளவு சிறியது என்பதை அறிய மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகவேண்டியதில்லை. கடந்த மாதம் அம்மா சுளகில் கொட்டிய இருநூற்றைம்பது கிராமை ஆயும்போது, நெத்தலி அல்லாதவற்றை ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னேன். கண்ணாடிபோல் காய்ந்த கணவாய்க் குஞ்சு, நூலளவு சாவாளை, நகத்தளவு காரல், இறால், இன்னும் உருவம் திரளாத பாரைக் குஞ்சு என்று ஒரு கைப்பிடி சேர்ந்தது. வளர்ந்திருந்தால் அந்தப் பாரைகளில் ஒன்றே எங்கள் வீட்டுக்கு இரண்டு நாட்கள் போதுமாக இருந்திருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, காசு கொடுத்து நிறுத்து வாங்கியதுதானே என்று கணவாயையும் இறாலையும் நெத்தலியோடு திரும்பச் சேர்த்தார். மிச்சத்தை வாசலில் காத்திருந்த பூனைக்குப் போட்டார்.